நாற்பத்தொன்றாம் மணி

தார்த்துவில் பிப்ரவரி.
முட்டைக்காரர் உர்மஸ் தட்டுகளை இறக்கிவைத்துப் போய்விட்டார்.
ஒரு ஓட்டில் இன்னும் ஒட்டியிருக்கிறது
கொஞ்சம் வைக்கோல், கொஞ்சம் கோழி.

ஹீயே கத்தரிக்கோலால் ஓட்டில் சன்னல் திறக்கிறாள்.
உள்ளே மூன்றே நாள் வயதான ஒன்று
காற்புள்ளி அளவில்
துடித்துக்கொண்டிருக்கிறது.
கதவு வைக்காத வீடு அது இன்னும்.
போன ரத்தத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது.

உட்சுவருக்கும் தசைக்கும் நடுவே கூழ்,
வடித்து ஆறவிட்ட கஞ்சியைப் போல.
அதற்குள் சில செல்கள் குதிக்க வேண்டும்.
தோளோடு தோள் ஒட்டித் தளம் பாவியிருந்தவை
பக்கத்தவளின் பிடியை விட்டு,
வடிவம் குலைந்து,
கைபோல எதையோ நீட்டி
இருட்டில் இறங்க வேண்டும்.

அங்கே போய் அவை துடிக்கப்போவதில்லை.
நாராகும்.
திரையாகும்.
கதவு மறுபக்கம் புரளாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறாகும்.
துடிப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்.

வெட்டியெடுத்து கொலாஜன் கூழின்மேல் வைத்தால்
கிண்ணத்திலும் இறங்குகின்றன.
கீழறையிலிருந்து வெட்டிய துண்டு இறங்காது,
எவ்வளவு நேரம் காத்திருந்தாலும்.
இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள இடுக்கு மட்டும்.
ஏன் என்று கேட்கும் மாணவர்களிடம் தோளைக் குலுக்குவாள்:
தசை கூப்பிடுகிறது, போகின்றன.

ஆறு மணிக்கு பேர்னுவிலிருந்து தங்கை லீலோ.
இருபதாவது வார ஸ்கேன்.
நான்கு அறையும் சந்திக்கிற நடுவில்
ஒட்ட வேண்டியவை ஒட்டவில்லையாம்.
அறுவை உண்டாம், பிறந்து நாலைந்து மாதத்தில்.
நிறையப் பேருக்குச் சரியாகிவிடுமாம்.
“நான் ஏதாவது செய்துவிட்டேனா?
சானாவுக்குப் போனேன், ஒருமுறை. இரண்டுமுறை.
அப்போது எனக்கே தெரியாது…”

எந்த வாரமென்று ஹீயேவுக்குத் தெரியும்.
எந்த இடுக்கு, எவ்வளவு அகலம்,
எந்தப் பக்கத்து மேடு எதிர்ப்பக்கத்துக்கு வந்துசேரவில்லை.
இல்லை, என்கிறாள்.
இன்னொரு முறையும் இல்லை, என்கிறாள்.
பிறகு,
அங்கே பனி பெய்கிறதா என்று கேட்கிறாள்.

கடைசிப் பேருந்து போயாயிற்று.
கையுறைக்குள் விரல் வியர்த்திருக்கிறது.
பதின்மூன்று கிண்ணங்கள் சும்மா இருக்கின்றன.
பதினான்காவதில், விளிம்பில்,
ஒன்று மட்டும் கூட்டத்திலிருந்து கழன்று
ஒரு மயிரிழை ஆழம்
உள்ளே.

நோட்டில் எழுதுகிறாள்:
மணி 41. ஒன்று.
பேனாவை மூடாமலே
மறுபடி குனிகிறாள்.