முப்பது நாளைக்கு மாற ஏலாது

இரவு டேட்டா பன்னிரண்டுக்குத்தான் திறக்கும்.
அதுவரை யானைக்குக் காவல்.
பன்னிரண்டுக்குப் பிறகும் யானைக்குத்தான் காவலென்று
அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வவுனிக்குளத்து வாய்க்காலின் கடைசி மடை.
சிறுபோகம் மூன்று ஏக்கர், பால் பிடிக்கும் கதிர்.
நாலு பாலைமரக் கம்பில் ஒரு கொட்டில்.
சிக்னல் இரண்டு கோடு,
பரணில் ஏறி நின்றால் மூன்று.

ஏறி நின்றேன்.
திரையில் இரண்டு வாசல்.
இடப்பக்கம் கதிர்ப்படை: பொன் கவசம், வெள்ளைக் குதிரை.
வலப்பக்கம் கங்குல்படை: கிழிந்த போர்வை, கூடவே ஓர் ஓநாய்.
கீழே எறும்பெழுத்தில்
தெரிவு செய்தபின் முப்பது நாளைக்கு மாற முடியாது.

பக்கத்து வயல் கொட்டிலில் கம்சிகன்.
காதுக்குள் அவன் குரல்:
"கதிரிலை சனம் கூட, மச்சான்.
ஒரு சண்டைக்குப் பதினைஞ்சு நிமிசம் வரிசை.
கங்குலுக்கு ஆளில்லை, அமத்தின உடனை களம்.
தோப்பம்தான்.
ஆனா கனதரம் தோக்கலாம்."

ஸ்காபரோவில் அப்போது பின்னேரம் இரண்டரை.
சின்னம்மாவின் மகன் குரல் அனுப்பியிருந்தான்:
"கதிருக்கு வாடா. நான் அறுபதாம் படி.
வாளொண்டு சும்மா தாறன்."
சும்மா வந்த வாளோடு
முப்பது நாளும் அவனுக்குப் பின்னால் ஓட வேண்டும்.

மத்தியானமும் இதே கதைதான்.
"எந்தப் பக்கம் சேருறதெண்டு இண்டைக்குள்ளை சொல்லு" என்று
போனில் கத்திக்கொண்டிருந்தேன்.
குசினியில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது.
அம்மா வந்தாள்.
கதவுநிலையைப் பிடித்தபடி திரையை எட்டிப் பார்த்தாள்.
ஓநாயைக் கண்டபிறகுதான் மூச்சு விட்டாள்.

"பிறகு மாறலாமோ?"
"முப்பது நாளாலை. காசு கட்டினா உடனை."
"மாறினா ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினமோ?"
"ஆரம்மா கேக்கிறது?"

பாதித் தேங்காய் மிச்சமிருந்தது.
போய்விட்டாள்.

எனக்கு ஓநாயைப் பிடித்திருந்தது.
அதற்காகத்தான் வலப்பக்கம் அமத்தினேன்.
வேறொன்றுமில்லை.

முதற்சண்டை ஒரு பாலத்தில்.
எதிரே பொன் கவசத்தில் ஒருவன்,
ஹிங்குராக்கொட என்று தலைக்கு மேல் பெயர் மிதந்தது.
வாளை ஓங்கியவன் ஓங்கியபடி நின்றான்.
அரட்டைப் பெட்டியில் ஒரு வரி:
அலியா ஆவா. பொட்டக் இன்ன.

எனக்குச் சிங்களம் நாலைந்து சொல்.
யானை வெடி வாங்க வரிசையில் நின்று பழகியவை.
அதில் அலியா இருந்தது.

"அடியடா!" கம்சிகன் கத்தினான்.
"சும்மா நிக்கிறான். நாப்பது புள்ளி!"
பெருவிரல் பொத்தானுக்கு மேலேயே கிடந்தது.
ஓநாய் அவனைச் சுற்றிச் சுற்றி மணந்தது.

அப்போது மடைப்பக்கம்
நாணல் முறிந்தது.
மெதுவாக, ஒரு வீட்டைத் தள்ளுகிற மாதிரி.

போனைச் சாக்கில் போட்டுவிட்டுக் குதித்தேன்.
வெடி இரண்டுதான் மிச்சம்.
முதலாவது நனைந்திருந்தது, சீறி அணைந்தது.
இரண்டாவது வெடித்தது.
மல்லாவி வரைக்கும் நாய்கள்.
வீட்டில் அம்மா எழும்பி உட்கார்ந்திருப்பாள்,
அடுத்தது கேட்குமா என்று காத்திருப்பாள்.
அடுத்தது இல்லையென்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இரண்டு பாத்தி நெல் போய்விட்டது.
திரும்பி ஏறியபோது திரை சிவந்திருந்தது:
நீ வீழ்ந்தாய்.
வீழ்த்தியவர், சின்னம்மாவின் மகன்.
"அது நீயோடா? சத்தியமா தெரியேல்லை.
ஓநாயெண்டா நான் பாக்கிறேல்லை."

அதற்குக் கீழே
ஹிங்குராக்கொடயிலிருந்து ஒரு சொல்:
கியா.
போய்விட்டது.

இங்கேயும் என்பதற்குச் சிங்களம் தெரியவில்லை.
ஓர் யானைப் படம் அனுப்பினேன்,
பிறகு ஓர் அம்புக்குறி, காட்டுப்பக்கமாக.
அவன் சிரித்த முகம் ஒன்று அனுப்பினான்.
அதோடு அடுத்த களம் திறந்தது.
அவன் அந்தக் கரை, நான் இந்தக் கரை.
வாளை ஓங்கினான்.

இன்னும் இருபத்தொன்பது நாள்,
இருபத்துமூன்று மணித்தியாலம்.