முதல் கை

தடைக்காலம், முப்பதாம் நாள்.
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
வள்ளத்து நண்டு மட்டும் வருகிறது மண்டபம் ஷெட்டுக்கு.
ஸ்டீல் மேசையைச் சுற்றிப் பதினொரு பேர்,
தலையில் வலைத்தொப்பி, கையில் உறை,
நேற்று ராத்திரி மேட்சை
ஓடு ஓடாக உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெயித்துவிட்டோம். அதுதான் தொல்லை.
சனிக்கிழமை ஃபைனல்.
நம்புராஜனின் வலது காலில் மாவுக்கட்டு.

"மொத கை சரியா வந்தா
செட்டருக்கு என்ன ஓட்டம்?
நின்ன எடத்துல நின்னு
பூ வைக்கிற மாதிரி பந்த வைப்பான்.
இவனப் பந்து பொறக்க விட்டாய்ங்க"
என்கிறாள் ஜெசிந்தா. கொடுக்கு படாரென்று பிளக்கிறது.

"மூணாவது செட்டுல மட்டும் பதினாலு.
அத்தனையும் ஸ்கோர் மேசைப் பக்கம்."
இது நூருல் அயின், எடைத் தராசுக்காரி.
அவள் எண்ணிக்கையில் கிராம் பிசகாது.

காளீஸ்வரி விடவில்லை.
"பதினஞ்சாவதுக்கு ஓடச் சொன்னது யாரு?
கோட்டுக்கு அங்கிட்டுப் போறது போகட்டும்னு விடணும்.
ஒரு பாயிண்டு போனா கடலா வத்திரும்?
லைட்டுக் கம்பத்துக் கயித்துல போயி கால விட்டான்.
நண்டுன்னா அந்தக் கால அங்கனயே கழட்டிப் போட்டுட்டு
செட்டு பண்ண வந்திருக்கும்."

சிரித்தோம்.
கறியில் ஓடு கிடக்கிறது என்று
சூப்பர்வைசர் தட்டைத் திருப்பி அனுப்பினார்.

அவன் விழுந்தபிறகும் கூட்டம் ஓயவில்லை:
நம்பு! நம்பு! நம்பு!
பேர்தான்.
பஸ்ஸில் போன எவனாவது
ஜெபக்கூட்டம் என்று நினைத்திருப்பான்.

பிறகு பின்வரிசைக்கு வந்தார்கள்.
ஆன்றோ உயரம், ஆனால் கை கல்.
அப்பாஸ் பந்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறான்.
அப்புறம் "அந்த மஞ்சப் பனியன்."
மஞ்சப் பனியன் குனியுது, கால் நகர மாட்டேங்குது.
மஞ்சப் பனியனுக்கு சர்வீஸ் போடுன்னு
மூக்கையூர்க்காரய்ங்க சைகை காட்டுனாய்ங்க, பாத்தீகளா?
ஒருத்திகூடப் பெயர் சொல்லவில்லை.
அந்தப் பனியனை இன்று விடியற்காலை
உப்புத் தண்ணீர் போக இரண்டு தடவை அலசி
கொடியில் போட்டுவிட்டு வந்தவள் நான்.
செலஸ்டின் என் தம்பி.
அது எல்லாருக்கும் தெரியும்.

"பதினாறு பாயிண்டுக்குப் பெறகு
கச்சான் திரும்பிருச்சு" என்றேன்.
பந்து பனைமரப் பக்கமிருந்து நெளிந்து வந்தது,
நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கொடுக்கு உடைபடும் சத்தம்.

"அவய்ங்களுக்கும் அதே காத்துதானக்கா"
என்றாள் ஜெசிந்தா, மெதுவாக,
வலிக்காமல் முள் எடுப்பதுபோல.

பதில் இல்லை என்னிடம்.
இன்று என் பங்கு இரண்டே முக்கால் கிலோ.
உறையைக் கழற்றியும் விரலில் நண்டு வாடை.

திரும்பும்போது
புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் பின்னால்
தொம் தொம் என்று சத்தம்.
கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் நம்பு,
கட்டுப்போட்ட கால் இன்னொரு பெட்டியில்.
உட்கார்ந்தபடியே அடிக்கிறான்.
எதிரே சட்டையில்லாமல் செலஸ்டின்.
இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று எண்ணினேன்.
வேலிமுள்ளுக்குள் போனது, சுவரில் பட்டது,
என் காலடிக்கே வந்தது ஒன்று.
அதை எடுக்க வந்தவன் என்னைப் பார்த்தான்,
பார்க்காத மாதிரி எடுத்துக்கொண்டு போனான்.

பதினொன்றில் நாலு.
அந்த நாலுக்கும்
நம்பு பெட்டியைவிட்டு அசையவில்லை.
இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான்,
பந்து வந்து உட்கார்ந்தது.

நாளை ஷெட்டில் கேட்டால்
நாலு என்று சொல்ல மாட்டேன்.
பதினொன்று என்றும் சொல்ல மாட்டேன்.
நூருல் அயின் எப்படியும்
எடை போட்டுவிடுவாள்.