எண் பதினான்கு

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கதவு வந்தது.
லாரிக்காரன் வேலியோரம் சாய்த்துவிட்டுக்
கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.
எண்பத்திரண்டு கிலோ.
கல்யாணத்தன்று ஓயார்ஸ் இருந்த எடை.
அவர் அதை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.

பழையதைக் கழற்ற நாலு நிமிடம்கூட ஆகவில்லை.
முப்பத்தோரு வருடம் எங்களைக் காத்தவை
இரண்டே இரண்டு கீல்கள்,
ஒன்றில் துரு மட்டும்தான் பாக்கி.
புல்லில் மல்லாக்கக் கிடத்தினோம்.
தபால் துளை வானத்தைப் பார்த்தது.
கீழ்ப்பலகையில் நாய் பிராண்டிய கோடுகள்.
நாய் போய் ஆறு குளிர்காலம்.

வென்ட்ஸ்பில்ஸ் காற்றுக்கு அழைப்பு தேவையில்லை.
நேரே உள்ளே வந்தது,
நாட்காட்டியைப் புரட்டி மார்ச்சில் நிறுத்தியது,
மேசைமேல் கிடந்த மின்கட்டண ரசீதைத்
தூக்கிக்கொண்டு எங்கோ போனது.
பிர்ச் இலைகள்
செருப்பைக் கழற்றாமல் கூடம்வரை நடந்தன.

நிலையில் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி நடுவில் நிற்க மறுத்தது.
ஒன்பது மில்லிமீட்டர்
கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது வீடு.
நிலையே நிலையாயில்லை.
"எப்போதிருந்து?" என்றார் ஓயார்ஸ்,
நான்தான் தள்ளிவிட்டது போல.
யோசித்தால்,
கைதவறிய உருளைக்கிழங்கு எந்நாளும்
வாசல் பக்கம்தானே ஓடியது.

தாளில் எட்டு மொழிகளில் விளக்கம்,
எங்கள் மொழி ஏழாவது.
அதில் இரண்டு ஆண்கள் சிரித்தபடி தூக்குகிறார்கள்.
நாங்கள் மூன்று முறை தூக்கினோம்.
மூன்றாம் முறை கதவு அவர் பாதத்தில் இறங்கியது.
அவர் கத்தியது
எட்டு மொழியிலும் இல்லாத சொல்.

அது வேலி தாண்டிக் கேட்டிருக்க வேண்டும்.
அடுத்த வீட்டுக் குன்வால்டிஸ் வந்தார்.
ஒன்பது வருடமாய் எங்களோடு பேசாதவர்.
சண்டை ஒரு பிளம் கிளையைப் பற்றி.
கிளை எந்தப் புயலிலோ முறிந்துபோனது,
சண்டை முறியவில்லை.
தட்டுவதற்கு ஏதுமில்லை,
தட்டாமலே வந்துவிட்டார்
வாசற்படிவரை.

வாசற்படிக்கு இப்பாலும் அப்பாலும் நின்று
கை குலுக்கக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கம்,
சண்டை வருமாம்.
கதவில்லாத வாசல் வாசல்தானா என்று
மூவரும் ஒரு கணம் நின்றோம்.
சண்டைதான் ஏற்கெனவே இருக்கிறதே
என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள்
அவர் குனிந்து கதவின் அடியைப் பிடித்தார்.

"இடப்பக்கம்."
"எது இடப்பக்கம்?"
"உன்னுடையது இல்லை, அவளுடையது."
ஒன்பது வருடம் கழித்துப் பேசிய பேச்சு இவ்வளவுதான்.
கீல் கீலுக்குள் இறங்கி உட்கார்ந்தது.
சாய்வுக்கு ஆப்பு வேண்டியிருந்தது,
அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்,
சிவந்த மரத்துண்டு ஒன்று.
பிளம் மரமா என்று நான் கேட்கவில்லை.

சாத்தினேன். கடல் நின்றுபோனது.
திறந்தேன். இருந்தது.
சாத்தினேன்.
ஓயார்ஸ், போதும் விஸ்மா என்றார்.

கைப்பிடி இப்போது வலப்பக்கம்.
இருட்டில் என் கை இன்னும் இடப்பக்கம் துழாவுகிறது,
கிடைப்பது சுவர்.

பழைய கதவைக் குன்வால்டிஸ் கேட்டார்,
கோழிக்கூட்டுக்கு.
தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்.
பித்தளை எண்ணைக் கழற்ற மறந்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் புதிய தபால்காரி.
எண் பதினான்கைத் தேடினாள், கண்டாள்,
துளை வழியே போட்டாள்.
மின்கட்டணம் கட்டவில்லை என்ற நினைவூட்டல்.
வைக்கோல் ஒட்டிய அந்த உறையோடு
சாயங்காலம் யாரோ எங்கள் கதவைத் தட்ட,
அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கமில்லை,
அடுப்பில் ஏதோ வெடித்ததென்று
இருவரும் சமையலறைக்கு ஓடினோம்.

அவர் இன்னொரு முறை தட்டினார்.