அலமாரிக் கதவில் பென்சில்

சிலிண்டர் மாட்டிய தேதியை
அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி வைப்பேன்.
சித்திரைச் சிலிண்டர் நாற்பத்தொரு நாள் வந்தது.
வைகாசியில் மாட்டியது முப்பத்து மூன்று.
ஆனியில் மாட்டியதோ
இருபத்தொன்பதாம் நாள் காலை
பால் பொங்குமுன்பே மூச்சை விட்டது.

என் கணக்கில் ஒரு சிலிண்டர் என்பது
மூவாயிரம் பீடி.
கம்பெனியில் கழித்துப் போட்டதைச் சேர்க்காமல்.

ஏஜென்சிப் பையனைச் சந்தேகப்பட்டேன்.
தராசில் தொங்கவிட்டுக் காட்டினான்.
எடை சரி.
பிறகு மகனைச் சந்தேகப்பட்டேன்,
அவன் குளிக்கும் வெந்நீரை நிறுத்தினேன்.
பாவம், ஒரு வாரம் தும்மினான்.

முக்கூடலில் ஆடி என்றால்
குற்றாலத்துச் சாரல் காற்று
வயல்களைத் தாண்டி வந்து
சன்னல் வழியே அடுப்பில் கை வைக்கும்.
தீ படுத்துக்கொள்ளும்.
சன்னலைச் சாத்தினேன்.
சாத்தினால் தலை வலித்தது.
பீடித்தூள் என்று நினைத்தேன்.
எங்கள் தெருவில் எல்லாத் தலைவலிக்கும்
அதுதான் பெயர்.

முப்புடாதி வந்தாள்.
பேட்டை ஐடிஐயில் படித்தவள்,
ஸ்கூட்டி டிக்கிக்குள் ஸ்பானரும் ஊசியும்.
அடுப்பை முதலில் பார்க்கவே இல்லை.
சோற்றுச் சட்டியைக் கவிழ்த்தாள்,
அடியில் ஒரு விரலை இழுத்து
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
மை.

“யக்கா, இது நீங்க காசு குடுத்து வாங்குன கேஸு.
சோத்துல சேராம சட்டியில சேந்திருக்கு.
மஞ்சளா எரிஞ்சா
அரைகுறையா எரியுதுன்னு அர்த்தம்.
அந்தப் புகைய வெளிய விடாம
சன்னலையும்லா சாத்தி வச்சிருக்கிய.”

பர்னரைக் கழற்றினாள்.
பொங்கி வழிந்த கஞ்சி
கண்களில் பாதியை அடைத்திருந்தது.
காற்று போகும் குழாய்க்குள்
ஒரு சிலந்தி, குடும்பமாக.
ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தித் திறந்தாள்,
நான் பீடி முனையை மடக்குகிற அதே பொறுமையோடு.
ஜெட்டைத் துடைத்தாள். காற்று வளையத்தைத்
துளி திருப்பினாள்.

பற்றவைத்தபோது
சத்தமே வேறு.
வட்டம் முழுக்க உளுந்து உளுந்தாக நீலம்.

பழைய பிஸ்கட் டின்னை வெட்டி
சன்னல் பக்கம் மட்டும் மறைப்பு நிறுத்தினாள்.
“கீழ ரெண்டு விரல் இடைவெளி விடுங்க,
தீயும் மூச்சு விடணும்லா.”
சன்னலை அவளே திறந்தாள்.
நூற்றைம்பது கேட்டாள், ஐநூறு பீடிக்கும் மேல்.
முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

தலைவலி குறைந்தது.
முழுக்கப் போகவில்லை.
மிச்சம் இருப்பது பீடியுடையது.
இப்போது இரண்டையும்
பிரித்துச் சொல்லத் தெரிகிறது எனக்கு.
தெரிந்து என்ன செய்ய,
தட்டு மடியில்தான் இருக்கிறது.

இன்று முப்பத்தெட்டாம் நாள்.
பென்சிலை எடுத்துப் போனேன்,
எழுத ஒன்றும் இல்லை, எரிகிறது.
மூடி போட்டுச் சட்டியை ஏற்றினேன்.

“ஏலே, வென்னி வச்சிருக்கேன்.
ஆறுறதுக்குள்ள போய்க் குளி.”