குமிழியின் வால்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
கூரியர் ஆபீஸுக்கு மேலே ஒரு அறை.
கதை தேனப்பன். படம் குல்சும்.
பேச்சுக் குமிழிக்குள் எழுத்தை வைப்பது நான்.

'ஐந்து சாவி' இருபத்திரண்டு இதழ் வந்துவிட்டது.
பள்ளத்தூரில், பங்காளி வழக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு
ஐவருக்கும் தலைமையகம்.
பெட்டகத்துக்கு ஐந்து பூட்டு, ஆளுக்கொரு சாவி.
ஐவரும் கூடாமல் திறக்காது.
தேனப்பன் வீட்டிலேயே அப்படி ஒரு அறை உண்டு,
ஒரு சாவி பினாங்கில்,
இன்னொன்று யாரிடமென்று தெரியாமல்.

யாராவது பொய் சொன்னால் சிகப்பிக்குக் காது வலிக்கும்.
மலைக்கண்ணு சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வருவான்,
முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரென்றால்
கொஞ்சம் நேரம் பிடிக்கும்.
யாகூபுக்கு நிழல் கிடையாது.
தெய்வானை தொட்ட இரும்பு அவள் பேச்சைக் கேட்கும்.
சவரிக்கு ஒரு சக்தியும் இல்லை,
வண்டி ஓட்டுவான், எதையும் மறக்கமாட்டான்.

இருபத்திரண்டின் கடைசிக் கட்டத்தில்
பெட்டகம் திறந்து கிடந்தது.
ஒரு பூட்டும் உடையவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சாப்பிடவில்லை.
முந்நூறு இலை போடும் கூடத்தில்
நாலு மூலைக்கு நாலு பேர்,
மூலை கிடைக்காத சவரி நடுவில்.
சிகப்பி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.
"யாரு பேசினாலும் வலிக்குது."
நான் பேசினாலுமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

துரோகி யாரென்று குல்சுமிடம் தேனப்பன் சொல்லவில்லை.
"தெரிஞ்சா உன் கை காட்டிக் குடுத்துரும்."
அவள் ஒன்றும் பேசவில்லை.
அடுத்த இதழ் முழுக்க
ஐந்து பேரின் இடது கையையும் மறைத்தே வரைந்தாள்:
தேக்குத் தூணுக்குப் பின்னால், முந்தானைக்குள்,
ஸ்டியரிங்குக்குக் கீழே.
தேனப்பனுக்குத் தூக்கம் போனது.
"அவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குடா."

ஒரு நாள் அவன் ஃபைலைத் திறந்து பார்த்தேன்,
எழுத்துப்பிழை பார்க்கத்தான்.
துரோகி என்று எழுதி, புள்ளி வைத்து,
பக்கத்தில் இடம் விட்டிருந்தான்.
அவனுக்கே தெரியாது.

இதற்குள் இருபத்துமூன்றின் ஆறு பக்கம்
அச்சுக்குப் போகும் முன்பே வெளியே போயிருந்தது.
புதுவயல் அரிசி ஆலைப் பையன்கள்கூட
போனில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.
குல்சும் லேப்டாப்பின் பாஸ்வேர்டை மாற்றினாள்.
தேனப்பன் டீக்கடைக்குப் போனாலும்
நோட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு போனான்.
நான் எதையும் மாற்றவில்லை.
அதை அவர்கள் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார்கள்.
சென்னைக் கம்பெனி
"மாதிரிப் பக்கம் கிடைத்தது, நன்றி" என்று எழுதியிருந்தது.
அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

கடைசிப் பக்கம் வந்தது.
வளவில் ஐவரும் நிற்கிறார்கள், மழை,
நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டுகிறது.
சிகப்பி பஞ்சை எடுத்துவிட்டாள்.
மேலே ஒரு குமிழி, உள்ளே ஒரே சொல்:
நான்தான்.
குமிழிக்கு வால் இல்லை.
"யாரு பக்கம்னு காலைல சொல்றேன்,"
தேனப்பன் படி இறங்கிப் போய்விட்டான்.

வால் எந்தப் பக்கம் வளைகிறதோ
அந்த வாய் சொன்னதாக ஆகிவிடும்.
மலைக்கண்ணு பக்கம் வளைத்தேன். பொருந்தியது.
தெய்வானைக்குப் பொருந்தியது.
யாகூபுக்கு, அட, சிகப்பிக்குக்கூட.
சவரிக்கும் பொருந்தியபோது
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மணி பன்னிரண்டு.
கீழே பார்சல் வேன் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
வாலைப் பிடித்துக் கீழே இழுத்தேன்,
முற்றத்தைத் தாண்டி, கட்டத்தின் கோட்டைத் தாண்டி,
பக்கத்தைப் புரட்டும்போது
கட்டைவிரல் படும் ஓரம் வரை.

காலையில் குல்சும்தான் முதலில் பார்த்தாள்.
"வால் வெளிய போகுது."
"அடுத்த பக்கத்துல தெரியும்" என்றேன்.
"இதுதானே கடைசிப் பக்கம்?"

தேனப்பன் பக்கத்தைப் பார்க்கவில்லை.
மேசைக்கு அடியில் இருந்த
என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.