ஆளுக்கு ஆறு

தண்டர் பேயில் நவம்பர்.
ஏரிக் காற்று கதவின் அடிவழியே நுழைந்து
ஏழு ஜோடி பூட்ஸையும் மோந்து பார்க்கிறது.
மூன்று ஜோடி எங்களுடையவை.
நான்கு, ரோமனும் அவன் பிள்ளைகளும் கொண்டுவந்தவை.

ஆகஸ்டில் இரண்டு வீடு ஒன்றானது.
சட்டிகள் சேர்ந்துகொண்டன,
மூடிகள்தான் எதற்கும் பொருந்தவில்லை.
அவன் பங்காக ஒரு ஏர் ஃப்ரையர்,
கறுப்பாக, முட்டை மாதிரி.
ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பெரோகி கொள்ளும்.
ஏழு பேருக்குப் பன்னிரண்டு.

முதல் ஈடு யாருக்கு?
சின்னவன் டாரஸுக்கு என்றால்
என் வெலியின் பார்வை என் முதுகில்.
வெலிக்கு என்றால்
லாரிசாவுக்குத் திடீரென்று பசிக்காது.
இரண்டாம் ஈடு இறங்கும்போது
முதலில் தின்றவர்கள் மாடியேறியிருப்பார்கள்.
மூன்றாவது எங்கள் இருவருக்கும்,
அடுப்படியில் நின்றபடி.
பள்ளிப் படிவத்தில்
"ஒரே குடும்பம்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.
பந்தி பந்தியாகச் சாப்பிடும் குடும்பம்.

அக்டோபரில் என் பழைய அவன் செத்தது.
புதியதை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்,
வாசல்படியில் ஒரு கெட்ட வார்த்தையோடு.
ஆள் உட்காரலாம், அவ்வளவு வயிறு.
ஏர் ஃப்ரை என்று அதில் ஒரு பொத்தான்.
"அதே விசிறிதான், கொஞ்சம் வேகமா சுத்தும்.
புதுப் பேர் வச்சிருக்காங்க" என்றான் ஓரெஸ்ட்.
பதினான்கு வயது.
அவன் என்னை அம்மா என்பதில்லை.
தார்யா என்றும் சொல்வதில்லை.
"இங்க..." என்று தொடங்குவான், அவ்வளவுதான்.

முதல் நாள் எனக்குப் பேராசை.
எல்லாவற்றையும் ஆழமான தட்டில் குவித்தேன்.
தங்கள் ஆவியிலேயே அவிந்து,
மேலே கருகி, கீழே சொதசொதவென்று,
பஸ் நிறுத்தத்தில் யாரோ தவறவிட்ட
கையுறைகள் போல வெளியே வந்தன.
வெலி சிரித்தான். லாரிசாவும்.
இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தது அன்றுதான்.
என்னைப் பார்த்துத்தான். இருக்கட்டும்.

அடுத்தது கம்பித் தட்டில் கோழி இறக்கை.
கீழே இன்னொரு தட்டு வைக்கவேண்டுமாம்,
கையேட்டில் பதினேழாம் பக்கம்.
கொழுப்பு சொட்டிச் சொட்டிப் புகை மண்டியது.
அலாரம் கூரையைப் பிய்த்தது.
கைக்கு அகப்பட்டதில் கால் நுழைத்து
எல்லோரும் பனிக்கு ஓடினோம்.
ஐனோ நின்றது ஓரெஸ்டின் பூட்ஸில்,
டாரஸ் ஒரு காலில் என்னுடையதை மாட்டிக்கொண்டு.
ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்த ரோமன்
எங்களை எண்ணினான்,
இரண்டு முறை.

இன்று ஐனோ அடுக்குகிறாள்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடம்.
ஒட்டினால் ஒட்டிய இடம் வெளுத்தே கிடக்கும்,
காற்று சுற்றிவர வழி வேண்டும்.
எண்ணெய் தெளிக்கும் ஓரெஸ்ட் சொல்கிறான்:
"நெருக்காதே. இடம் விடு."
"விட்டுத்தான் இருக்கேன். கண்ணைத் திற."
இந்த வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்ட
மிக நீளமான பேச்சு.

விசிறி உறுமுகிறது.
டாரஸ் கண்ணாடிக் கதவின் முன்
தரையில் சம்மணம் போட்டிருக்கிறான்.
மாவின் ஓரம் மஞ்சளாகி, பொன்னாகி,
அங்கங்கே கொப்புளம் விட,
"பழுக்குது, பழுக்குது" என்று கத்துகிறான்.

பதினெட்டு நிமிடம்.
இரண்டு தட்டு, நடுவில் இடம் மாற்றி.
நாற்பத்திரண்டு பெரோகி.
ஆளுக்கு ஆறு.
கணக்கில் நான் என்றுமே தேறியதில்லை,
இதை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

மேசைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது,
நாற்காலிகளும் ஆறுதான்.
மூன்று மாதமாக ஒருவரும் கவனிக்கவில்லை.
கவனிக்க என்ன இருந்தது?

நின்றே சாப்பிடுகிறேன், எனக்குப் பழக்கம் என்றேன்.
ஓரெஸ்ட் பதில் பேசாமல் கராஜுக்குப் போனான்.
அங்கே ஏதோ சரிந்து விழும் ஓசை.
நீல பெயின்ட் வழிந்து காய்ந்த
ஒரு வாளியோடு திரும்பி
அதைக் கவிழ்த்து, தானே அதில் உட்கார்ந்து,
தன் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"இங்க..." என்றான்.
"ஆறிடும்."