ஏத்தங்காய்த் தொலி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
உப்பேரிக் கடை.
கிறிஸ்துதாஸ் அண்ணன் தொலி உரிக்கும் வேகத்தில்
கத்தி தெரியாது, விரலின் கறைதான் தெரியும்.
‘ஆட்டுக்கா பிள்ளே?’ என்றார்.
‘ஆராய்ச்சிக்கு.’
‘ரெண்டுக்கும் ஒரே விலைதான்’ என்று
சும்மா கட்டித் தந்தார் ஒரு சாக்கு.

நாகர்கோவில் பஸ்ஸில்
சாக்குக்கும் டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
தக்கலை வருமுன்
பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்தி எழுந்துபோனாள்.
ஜன்னலோரம் கிடைத்தது.

கழுவினேன் என்றுதான் குறிப்பேட்டில் இருக்கிறது.
உலர்த்தி, பொடித்து, தண்ணீர் விட்டு,
டெஃப்லான் குப்பியில் அடைத்து,
எஃகுக் கூட்டை இறுக முறுக்கி
சூட்டடுப்பில் வைத்தேன்:
நூற்றெண்பது டிகிரி, எட்டு மணி நேரம்.
சமையலைவிட எளிது,
நடுவில் திறந்து உப்பு பார்க்க முடியாது, அவ்வளவே.
உள்ளே மாவும் சர்க்கரையும்
தம் பெயர் மறந்து கரியாகும்.
அடுப்புக்கரி அல்ல.
ஒரு தலைமயிரின் குறுக்கே
பத்தாயிரம் பேர் வரிசை நிற்கக்கூடிய கரி.
புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒளிரும் கரி.

காலையில் வடிகட்டி, விளக்கைக் காட்டினேன்.
ஒளிர்ந்தது!
இளம்பச்சை கலந்த மஞ்சள்.
கத்திய கத்தலில்
அடுத்த ஆய்வகத்து அபினேஷ் பிப்பெட்டோடு ஓடிவந்தான்.
பதினொரு பேருக்குப் படம் அனுப்பினேன்.

லீலாபாய் மேடம் வந்தார்.
குப்பியைப் பார்க்கவில்லை,
சூட்டடுப்பைப் பார்த்தார்.
அதன் எண்கள் பூஜ்யத்தில் சிமிட்டிக்கொண்டிருந்தன.
‘ராத்திரி கரண்ட் எப்ப போச்சு?’
ஒன்பது பத்துக்கு என்றார் காவலாளி.
நான் வைத்தது ஒன்பதுக்கு.

அப்படியானால் ஒளிர்ந்தது எது?

கடைக்கு போன் போட்டேன்.
‘அண்ணே, தொலியும் மஞ்சத்தண்ணியிலயா கிடக்கும்?’
‘ஒரே வாளிதான் பிள்ளே.
மஞ்சள் போட்டாத்தான் காய் கறுக்காது.’

பதினொரு பேருக்கும்
‘மஞ்சள்’ என்று ஒற்றைச் சொல் அனுப்பினேன்.
ஒருத்தி வாழ்த்துகள் என்று பதில் போட்டாள்.

இரண்டாவது சாக்கு
வாளிக்கு முன்னாலேயே பிரித்து எடுத்தது.
எட்டு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.
கட்டன்சாயா நிறத்தில் இறங்கியது.
விளக்கில் நீலம்,
குளச்சல் கடல் பத்து பாகம் போனபிறகு வருமே, அந்த நீலம்.
கத்தவில்லை.
வேகாத தொலி ஊறிய நீரையும் அருகே வைத்தேன்.
அது இருட்டாகவே இருந்தது.
அந்த இருட்டைத்தான் முதலில் படம் எடுத்தேன்.

இரும்பு கலந்த தண்ணீர் பட்டால்
இந்த நீலம் மங்கும்.
எவ்வளவு இரும்போ அவ்வளவு மங்கல்.
திருவட்டாரில் கொஞ்சம்,
மண்டைக்காட்டில் அதைவிடக் கொஞ்சம்.
நாற்பது மாதிரிகளில்
முற்றாக அணைத்துவிட்டது ஒன்றுதான்:
உப்பேரிக் கடையின் பின்பக்கத்துக் குழாய்க்கிணறு.

எப்படிச் சொல்வதென்று
பஸ்ஸில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
அவர் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார்.
அடியெங்கும் துருச் செம்மை.
‘இரும்பு உண்டுன்னு இதுக்குத் தெரியுமே.’
‘எவ்வளவுன்னு தெரியாதே’ என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
‘அதுசரி. எவ்வளவு?’

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து
வெள்ளைச் சட்டையோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்,
தன் தொலியைப் பார்க்க.
கதவை அடைத்து விளக்கைப் போட்டேன்.
குப்பியில் நீலம்.
சட்டை முழுக்கச் சலவைத்தூளின் வெளிச்சம்.
குப்பியை வாங்க நீட்டிய கையில்
நகக்கண் பத்திலும்,
ரேகைகளின் மடிப்பிலும்
இளம்பச்சை கலந்த மஞ்சள்.

‘இதென்ன பிள்ளே?’ என்று
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என் முதல் கண்டுபிடிப்பு, அண்ணே.